செபதேயுவின் வள்ளத்திலிருந்து எழுதும்



தம்பி, நீர் அனுப்பிய மூன்று கதைகளையும் வாசித்தேன். கரைவலைக்காரரின் பேச்சு உமக்குப் பிசகாமல் வருகிறது. மன்னார்க் கரையின் பேசாலையிலோ வங்காலையிலோ வளராதவருக்கு அது இலேசில் கைவராது. ஆனால் மூன்று கதைகளும் ஒரே இடத்தில்தான் போய் முடிகின்றன. மகனை இழந்த தாய் வியாகுல மாதாவாகிறாள், அடிபட்ட பொடியன் சிலுவை சுமக்கிறான், காட்டிக்கொடுத்தவன் யூதாசாகிறான். அந்தப் பெயர்கள் விழுந்த உடனேயே வாசகருக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. உம்முடைய கதையின் தாய்க்கு இனிச் சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. வேதாகமத்தைக் கதையின் முடிவில் வைக்கிறீர். அதிலிருந்து கதையைத் தொடங்கும் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

மாற்கு நற்செய்தியின் முதல் அதிகாரத்தை எடுத்துப் பாரும். கரையோரம் வந்த இயேசு, வள்ளத்தில் வலை சீர்செய்துகொண்டிருந்த யாக்கோபையும் யோவானையும் கூப்பிடுகிறார். அவர்கள் எழுந்து போய்விடுகிறார்கள். தகப்பன் செபதேயு கூலியாட்களோடு வள்ளத்திலேயே இருக்கிறார். அவர் என்ன நினைத்தார், என்ன சொன்னார் என்று மாற்கு ஒரு வார்த்தையும் எழுதவில்லை. பிரசங்கங்கள் எல்லாம் பிள்ளைகளுக்குப் பின்னால் போய்விடும். நீர் போகவேண்டாம், தகப்பனோடு வள்ளத்தில் இரும். கூலிக்கு ஆள் வைத்திருந்தவர் என்றால் நம் கரையில் அவரைச் சின்னச் சம்மாட்டி என்போம். அடுத்த நாள் விடியற்புறம் தண்டு வலித்தது யார்? பங்கு பிரிக்கும்போது பிள்ளைகளின் பங்கு என்ன ஆனது? மத்தேயுவைப் படித்தால் இன்னும் வலிக்கும். செபதேயுவின் மனைவியும் பிள்ளைகளோடு வந்து அவர்களுக்காக மேலான இடம் கேட்கிறாள். பிறகு கல்வாரியில் தூரத்தில் நின்று பார்த்த பெண்களோடும் நிற்கிறாள். செபதேயுவை அங்கே காணவில்லை.

போர்க்காலத்தில் சொல்லாமல் கொள்ளாமல் ஆயுத இயக்கத்துக்குப் போன பிள்ளைகளின் தகப்பன்மாரை இந்தக் கரையில் உமக்குத் தெரியும். அவர்களில் ஒருவரை எழுதும். செபதேயு என்ற பெயர் கதையில் வரவே வேண்டாம். வேதம் தெரிந்தவர் கண்டுகொள்வார். தெரியாதவருக்கும் அந்த மனிதர் முழுமையாகக் கிடைப்பார்.

வள்ளத்தை விட்டுப் போன அந்த யாக்கோபுதான் நம் சந்தியோகுமையோர். தெல்லிப்பழைப் பேதுருப் புலவர் 1647இல் அம்மானை பாடியது அவரைத்தான். வலையை விட்டெழுந்தவர் நம் கோயில் சுருவங்களில் குதிரைமேல் வாளோடு வருகிறார். அந்த உருவம் ஸ்பெயினிலிருந்து போர்த்துக்கேயர் வழியாக வந்தது. அங்கே வரைந்த படங்களில் குதிரைக் குளம்பின் கீழே கிடப்பவர்கள் போரில் தோற்ற முஸ்லிம்கள். சிறுவயது முதல் வணங்கிய புனிதர் என்பதால் இதையெல்லாம் நாம் யோசிப்பதில்லை. எழுதுகிறவர் யோசிக்க வேண்டும். எருக்கலம்பிட்டியும் தாராபுரமும் உமக்குப் பக்கத்து முஸ்லிம் ஊர்கள். நம் யோசேப்பு, மோசே, மரியாள் கதைகளை யூசுப், மூஸா, மர்யம் என்று அந்த வீடுகளிலும் சொல்லிப் பிள்ளைகளை வளர்க்கிறார்கள். நீர் எடுத்தாளும் கதைகளில் பாதிக்கு அவர்களும் உரித்தாளிகள்.

உமது இரண்டாவது கதை செங்கடலைக் கடந்த கதையைத் தொட்டுப் போகிறது. போரில் ஓடிய நம் சனத்தை இஸ்ரவேலராக்கி இருக்கிறீர். அது தவறில்லை. ஆனால் 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றினார்கள். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் வீடுவாசலை விட்டுக் கடல்வழியாகக் கற்பிட்டிக்குப் போனார்கள். அந்த யாத்திரையில் பார்வோன் தமிழ் பேசினான். அதையும் சொல்லத் துணிவில்லாவிட்டால் யாத்திராகமத்தை இப்போதைக்குத் தொடாதேயும்.

மொழி பற்றி ஒன்றே ஒன்று. உமது வேத வாக்கியங்கள் அச்சுப் புத்தகத்திலிருந்து எடுத்துவைத்தவை போல விறைப்பாக இருக்கின்றன. தவக்காலத்தில் வியாகுலப் பிரசங்கம் வாசிக்கும்போது போய்க் கேளும். அதை எழுதிய யாகோமே கொன்சால்வேஸ் அடிகள் கோவாவில் பிறந்தவர், 1705இல் இலங்கைக்கு வந்தவர். ஒல்லாந்தர் கத்தோலிக்கரை ஒடுக்கிய காலத்தில், கற்றுக்கொண்ட தமிழில் அவர் எழுதிய வசனத்தை இன்றைக்கும் சனம் கண்ணீரோடு கேட்கிறது. வாசிப்பவர் எங்கே நீட்டுகிறார், எங்கே மூச்சை விடுகிறார் என்று காதால் பிடியும். கூத்துப் பார்க்கும் பழக்கத்தையும் விடாதேயும். நம் மண்ணின் எஸ்.ஏ. உதயன் தன் நாவல் ஒன்றுக்கு, நம் கத்தோலிக்கக் கூத்து வடிவமான 'வாசாப்பு' என்றே பெயர் வைத்தவர். அவரை வாசியும்.

அடுத்த கதையை எனக்கு அனுப்ப முன்னம் எருக்கலம்பிட்டிச் சிநேகிதர் ஒருவருக்கு வாசித்துக் காட்டும். அவர் எங்கே முகம் சுளித்தார், எங்கே இன்னும் கேட்டார் என்பதைக் குறித்து, அந்தக் குறிப்போடு அனுப்பிவையும்.