காலணிக்குள் ஒரு காற்றுப் போர்வை

மாணவர்களே! மார்கழிக் காலையில் சேலத்தை அடுத்த அடிவாரத்தில் பேருந்து ஏறுகிறீர்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்தால் ஏற்காடு. ஏறிய உயரம் ஏறத்தாழ 1,200 மீட்டர். உயரம் 1,000 மீட்டர் கூடினால் வெப்பநிலை சராசரியாக 6.5 டிகிரி செல்சியஸ் குறையும். ஆகவே மேலே சுமார் 8 டிகிரி குறைவு. ரப்பர் செருப்பு போதாது. எத்தகைய பூட்ஸ் வாங்கலாம்?

பாதத்தின் வெப்பத்தைக் காப்பதில் பெரும்பங்கு பூட்ஸுக்குள் அசையாது நிற்கும் காற்றுக்கு உண்டு. காற்று ஓர் அரிதிற் கடத்தி. கூர்முனை கொண்ட இறுக்கமான பூட்ஸ் பார்வைக்கு அழகுதான்; ஆனால் அதில் காற்றுக்கு இடமில்லை; விரல்களில் இரத்த ஓட்டமும் குறையும். எனவே கம்பளிக் காலுறை அணிந்தே அளவு பாருங்கள். விரல்கள் தாராளமாக அசைய வேண்டும்.

அடுத்த பகை ஈரம். நீர் காற்றைவிட 20 மடங்குக்கும் மேலாக வெப்பத்தைக் கடத்தும். பருத்திக் காலுறை வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். நனைந்தால் உடனே மாற்றுங்கள். பனி படிந்த பாதையில் வழுக்காதிருக்க, அடிப்புறத்தில் ஆழமான வரிப்பள்ளங்கள் இருக்கட்டும்.

இவ்விரண்டு பாடங்களையும் எவரெஸ்டிலும் காணலாம். 1953இல் அங்குச் சென்ற பிரிட்டிஷ் குழுவினரின் உயர்மலைப் பூட்ஸில் காற்றைச் சிறைப்படுத்தியது எது தெரியுமா? நம் தலையணையில் உள்ள இலவம் பஞ்சு! ஆயினும் சிகரம் ஏறவிருந்த மே 29 காலையில், இரவு கழற்றி வைத்த ஹில்லாரியின் ஈரப் பூட்ஸ் கல்லாய் உறைந்திருந்தது. அடுப்பில் காட்டி இளக்கிய பிறகே அவரும் டென்சிங்கும் புறப்பட முடிந்தது.

அழகைப் பாருங்கள், அதற்கு முன் காற்றுக்கு இடமுண்டா என்று பாருங்கள்.