கேட்டவர் ஒருவர், செய்பவர் ஒருவர்

அன்பு மகளுக்கு, பெரியப்பா எழுதுவது.

அருப்புக்கோட்டை மில்லில் ஷிப்ட் சூப்பர்வைசராகச் சேர்ந்துவிட்டாய் என்று உன் அம்மா போனில் சொன்னாள். சந்தோஷம் தாயி. மெஷின் பிடிபட்டுவிட்டது, ஆட்களிடம்தான் ஒன்று சொன்னால் வேறாகிவிடுகிறது என்று புலம்பினாயாமே. அதைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

சிக்னலோடு இணைக்கப்படாத, அதாவது இன்டர்லாக் இல்லாத, ரயில்வே கேட்டுகளில் ஒரு வழக்கம் உண்டு. ரயில் வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் போனில் கூப்பிடுவார். கேட்டை மூடிவிட்டு, கேட் கீப்பர் தன் தாளிலிருந்து ஓர் எண்ணைச் சொல்வார். பிரைவேட் நம்பர் என்பார்கள். நல்ல ஏற்பாடுதான். ஆனால் 2025 ஜூலை 8 காலையில், கடலூர் அருகே செம்மங்குப்பத்தில், பள்ளி வேன் மீது ரயில் மோதி மூன்று மாணவர்கள் இறந்தார்கள். கேட்டை மூடாமலேயே, மூடியாயிற்று என்று நம்பர் மட்டும் போய்ச் சேர்ந்திருந்தது என்றது ரயில்வேயின் முதற்கட்ட விசாரணை. போனில் வரும் எண், இருவர் பேசிக்கொண்டதற்குத்தான் சாட்சி. கேட்டுக்கு அல்ல.

அங்கே சொன்னது பொய். யாரும் பொய் சொல்லாமலே கெட்டுப்போன கதை இன்னொன்று.

1996 நவம்பர் 12 மாலை. டெல்லியிலிருந்து சவூதி ஜம்போ விமானம் ஏறுகிறது, கஜகஸ்தான் விமானம் இறங்குகிறது. வருவதற்கும் போவதற்கும் அன்று ஒரே வான்பாதை. இறங்குகிறவர் 15,000 அடியில் நிற்க வேண்டும், ஏறுகிறவர் 14,000 அடியில். எதிரே விமானம் வருகிறது என்று கட்டுப்பாட்டு அறை எச்சரித்தது. கஜகஸ்தான் விமானத்திலிருந்து பதிலும் வந்தது. ஆனாலும் அது 15,000 அடியில் நிற்காமல் கீழே இறங்கியது. ஹரியானாவின் சர்க்கி தாத்ரிக்கு மேலே இரண்டும் மோதின. 349 பேரில் ஒருவரும் பிழைக்கவில்லை.

கஜகஸ்தான் விமானத்தில் ஆங்கிலத்தில் பேசியவர் ரேடியோ ஆபரேட்டர், ஓட்டியவர்கள் வேறு. ரேடியோக்காரருக்கு முன்னால் உயரம் காட்டும் கருவிகூட இல்லை. விமானிகளின் கருவியை எட்டித்தான் பார்க்க வேண்டும். கேட்ட காது ஓரிடம், பிடித்த கை ஓரிடம்! நீதிபதி லஹோதி விசாரணைக்குப் பிறகு டெல்லியில் வரவுக்கும் போக்குக்கும் தனித்தனிப் பாதை வந்தது. மோதலைத் தவிர்க்க எச்சரிக்கும் கருவியும் விமானங்களில் கட்டாயமானது.

உன் ஷெட்டில் அந்த ரேடியோக்காரர் மேஸ்திரிதான். நீ தமிழில் சொல்வதை அவர் தனக்குத் தெரிந்த இந்தியில் ஒடிசா, பீகார் பிள்ளைகளிடம் சொல்கிறார். பழகிய மனுஷர், உடனே தலையாட்டுவார். அவர் தலையாட்டுவதை நம்பி நீ அடுத்த ஃப்ரேமுக்குப் போய்விடாதே. நூலை மாட்டப்போகிற பையனிடமே போ. புரிந்ததா என்று கேட்டால் புரிந்தது என்றுதான் சொல்வான், வேறென்ன சொல்வான்? எந்த ஃப்ரேம், எந்த பாபின் என்று தொட்டுக் காட்டச் சொல். நூலின் நயத்தைச் சொல்லும் கவுண்ட் ஒவ்வொன்றுக்கும் ஒரு கலரில் பாபின் வைத்திருப்பது இதற்குத்தான். கலருக்கு மொழி வேண்டாம். 40 கவுண்ட்டில் 60 கலந்தால் ஷெட்டில் கண்ணுக்குத் தெரியாது. நெய்த பிறகு சேலையில் கோடு விழுந்து, மில் பெயரைக் கெடுக்கும்.

கலரையும் அப்படியே நம்பிவிடாதே. அதுவும் ஓர் அடையாளம்தான், அடையாளமே தப்பாக இருக்கலாம். 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாஹாநகா பஜாரில் 290க்கும் மேற்பட்டோர் இறந்த ரயில் விபத்தில், சிக்னல் பெட்டியில் கம்பிகளுக்கு எழுதியிருந்த பெயரே தப்பு. பல வருஷமாக அப்படியே கிடந்திருக்கிறது. அதே கோட்டத்தில் முந்தின வருஷம் இன்னொரு ஸ்டேஷனில் இதே மாதிரி வயரிங் கோளாறு வந்தும், மற்ற இடங்களை யாரும் சரிபார்க்கவில்லை.

தப்பாக மாட்டிவிட்டேன் என்று ராத்திரி ஷிப்டில் ஒரு பையன் தானாக வந்து சொன்னால், நாலு பேர் முன்னால் கத்தாதே. கத்தினால் அடுத்த தடவை பாபினை ஒளித்துவைப்பான். ஷிப்ட் மாறும்போது நோட்டை மேஜையில் வைத்துவிட்டு பஸ்ஸுக்கு ஓடாமல், அடுத்த சூப்பர்வைசரோடு ஷெட்டை ஒரு சுற்று சுற்று. பஸ் போனால் போகட்டும். இரவில் தாமதமானால் அண்ணனுக்குப் போன் பண்ணு, பைக்கில் வந்து கூட்டிப்போவான்.

இப்படிக்கு,
பெரியப்பா
திருச்சுழி