சாவியைத் திருப்பிக் காது கொடு

அன்புள்ள கயலுக்கு,

நீ அனுப்பிய குரல் பதிவை மூன்று தடவை கேட்டேன். தாத்தா 1997-ல் வாங்கிய மாருதி 800 பத்து தடவை சாவி போட்டால் எட்டு தடவை எடுக்கிறது, இரண்டு தடவை மக்கர் செய்கிறது. புது பாட்டரி போட்டாயிற்று. பிளக் மூன்றும் மாற்றியாயிற்று. இப்போது செல்ஃப் மோட்டாரையும் மாற்றச் சொல்கிறார்கள். பொறு கண்ணு. இதுவரை நடந்தது வெறும் கொள்முதல். நோய் என்ன என்று இன்னும் யாரும் பார்க்கவேயில்லை.

அடியோடு எடுக்காத வண்டியைச் சரிசெய்வது சுலபம். கோளாறு உட்கார்ந்த இடத்திலேயே இருக்கும், போய்ப் பிடித்துக்கொள்ளலாம். ஒருநாள் எடுத்து ஒருநாள் எடுக்காத வண்டிதான் ஆளைக் கொல்லும். பட்டறைக்குக் கொண்டுபோனதும் சமர்த்தாக எடுக்கும். மெக்கானிக் உன்னை ஒரு மாதிரி பார்ப்பார். சும்மா அனுப்பினால் மரியாதையாக இருக்காது என்று எதையாவது மாற்றித் தருவார். நான்கு நாள் நன்றாக ஓடும். மாற்றாமல் விட்டிருந்தாலும் அந்த நான்கு நாள் ஓடியிருக்கும். ஆகவே வண்டி எடுக்காமல் நிற்கிற அந்த ஐந்து நிமிடம்தான் உனக்குக் கிடைக்கும் சந்தர்ப்பம். சாவியைத் திருகித் திருகி எப்படியோ கிளப்பிக்கொண்டு போய் அதைக் கெடுத்துவிடாதே.

டேஷ்போர்டில் ஒரு சின்ன நோட்டு வை. எடுக்காதபோதெல்லாம் நான்கே விஷயம் எழுது: இன்ஜின் சூடாக இருந்ததா ஆறியிருந்ததா, நிறுத்தி எவ்வளவு நேரம் ஆயிற்று, மழையோ ஈரமோ உண்டா, சாவியைத் திருப்பியபோது என்ன சத்தம் வந்தது. இவற்றில் கடைசியானதுதான் எனக்கு முக்கியம். உன் பதிவில் 'ஸ்டார்ட் ஆகல மாமா' என்று மட்டும் சொல்கிறாய். எடுக்காததில் பல வகை இருக்கிறது.

இன்ஜின் வழக்கம்போல் சுற்றுகிறது, ஆனால் பற்றவில்லை என்றால் செல்ஃப், பாட்டரி பக்கமே போகாதே. அது பெட்ரோல் அல்லது ஸ்பார்க் தகராறு. சுற்றவே இல்லை என்றால் சத்தத்தைக் கவனி. 'டகடகடக' என்று படபடத்தால் பாட்டரி இறங்கியிருக்கிறது, இல்லையேல் டெர்மினல் பிடிப்பு சரியில்லை. ஒரே ஒரு 'டக்' கேட்டு அதோடு நின்றால், செல்ஃப் மோட்டாருக்குக் கரண்டைத் திறந்துவிடும் ஸ்விட்சான சொலினாய்டு வரை உத்தரவு வந்துவிட்டது, பெரிய கரண்ட்தான் மோட்டாருக்குப் போய்ச் சேரவில்லை. சத்தமே இல்லை என்றால் உத்தரவே வரவில்லை என்று சந்தேகப்படு. சாவி ஸ்விட்சையோ அதிலிருந்து சொலினாய்டுக்கு வரும் சின்ன ஒயரையோ பார்க்க வேண்டும்.

கூடவே கூரை விளக்கைப் போட்டுக்கொண்டு சாவியைத் திருப்பு. விளக்கு அணைகிற அளவுக்கு மங்கினால் பாட்டரியிலோ அதன் முனையிலோ கோளாறு. துளியும் மங்காமல் எரிந்தால் கரண்ட் கிளம்பவே இல்லை.

மல்ட்டிமீட்டர் ஒன்று வாங்கிக்கொள். மாற்றியிருக்கிற பிளக்குகளின் விலையே அதற்குப் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், காலையில் சாவி போடுவதற்கு முன் பாட்டரி 12.6 வோல்ட் காட்டினால் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதிதான். செல்ஃப் அடிக்கும்போது 10-க்குக் கீழே இறங்கக் கூடாது. இன்ஜின் ஓடும்போது 13.8 முதல் 14.4-க்குள் இருந்தால் ஆல்டர்னேட்டர் நன்றாகச் சார்ஜ் ஏற்றுகிறது. உன் பாட்டரி புதுசு என்பதால் இதெல்லாம் சரியாகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். இருந்தாலும் பார்.

இப்போது நான் சந்தேகப்படும் இடத்துக்கு வருகிறேன். பிளஸ்-டூவில் படித்த ஓம் விதியை ஞாபகப்படுத்திக்கொள். செல்ஃப் மோட்டார் சுற்றத் தொடங்கும்போது 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும். வழியில் எங்காவது 0.02 ஓம் தடை இருந்தால் அங்கேயே 2 வோல்ட் காணாமல் போகும். அவ்வளவு சின்னத் தடையைச் சாதாரண மீட்டர் காட்டாது. ஒயரில் ஒரே ஓர் இழை அறுபடாமல் இருந்தாலும் மீட்டர் 'பீப்' என்று நல்ல சான்றிதழ் கொடுத்துவிடும். அந்த ஓர் இழையில் 100 ஆம்பியர் போகுமா? வழியை அளக்க ஒரே முறை, பாரத்தோடு அளப்பதுதான். கியர் நியூட்ரலில், கைபிரேக் போட்டு, அம்மாவைச் சாவி திருப்பச் சொல். மீட்டரின் ஒரு முனை பாட்டரியின் மைனஸ் கம்பத்தின் மேல், கிளாம்பின் மேல் வேண்டாம். மறுமுனை இன்ஜினின் சுத்தமான இரும்பில். செல்ஃப் அடிக்கும்போது 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் கெட்டிருக்கிறது. அதேபோல் பிளஸ் கம்பத்திலிருந்து செல்ஃப் மோட்டாரின் பெரிய போல்ட் வரை 0.5-க்குள் இருக்க வேண்டும்.

இதை நான் அடிபட்டுத்தான் கற்றேன். கடை போட்ட புதிதில், இதே மாதிரி மக்கர் செய்த ஒரு பழைய காருக்குச் செல்ஃப் மோட்டார் மாற்றினேன். ஒரே வாரத்தில் திரும்பி வந்தது. சொலினாய்டு மாற்றினேன், மறுபடி வந்தது. மூன்றாம் தடவை, சோக் கேபிளைத் தொட்ட கை சுட்டது. இன்ஜினுக்கும் பாடிக்கும் இடையில் இருந்த எர்த் பட்டை பச்சை பூத்து உள்ளே இற்றுப்போயிருந்தது. கரண்டுக்குத் திரும்பிப் போக வழியில்லாமல் அந்தக் கேபிள் வழியாகப் போயிருக்கிறது. பட்டை கழற்றிய அன்று அந்த மனிதரிடம் காசைத் திருப்பிக் கொடுத்தேன். பாதிதான் கொடுத்தேன், அது வேறு கதை.

எர்த் நன்றாக இருந்து, பெரிய போல்ட்டில் முழு வோல்ட்டும் வந்து, 'டக்' மட்டும் கேட்டால் அப்போது மோட்டாரைக் குற்றம் சொல்லலாம். சொலினாய்டுக்குள் ஒரு செப்புத் தட்டு இரண்டு முனைகளை இணைக்கும். வருடக்கணக்கில் பொறி பட்டு அதில் குழிகள் விழும். நல்ல இடம் பட்டால் வண்டி எடுக்கும், கருகிய இடம் பட்டால் எடுக்காது. உன் பத்துக்கு எட்டுக் கணக்குக்கு இது பொருந்துகிறது. கார்பன் பிரஷ் தேய்ந்திருந்தாலும் இப்படித்தான். மோட்டாரை ஸ்பேனர் கைப்பிடியால் லேசாகத் தட்டினால் எடுக்கும். தட்டி எடுத்தால் அது வைத்தியம் இல்லை, தடயம். நோட்டில் எழுதிவிட்டு ஆட்டோ எலெக்ட்ரீஷியனிடம் போ. பிரஷ், சொலினாய்டு மட்டும் மாற்றலாமா என்று கேள். முழு மோட்டார் பெரும்பாலும் தேவைப்படாது.

சத்தமே இல்லாத வகையில், சாவியைத் திருப்பும்போது சின்ன ஒயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பார்க்கச் சொல். ஸ்விட்ச் உள்ளே தேய்ந்திருந்தால் ஒன்பதோ எட்டோதான் வரும். ஒரு ரிலே போட்டால் அதோடு தீர்ந்தது.

சுற்றியும் பற்றாத வகையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். வெயிலில் ஓட்டி நிறுத்திக் கால் மணி கழித்து எடுக்காவிட்டால் கார்பரேட்டரில் பெட்ரோல் கொதித்துப் பொங்கியிருக்கும். சோக் இழுக்காதே, ஆக்சிலரேட்டரை முழுதாக மிதித்தபடி செல்ஃப் அடி. மழையில் மட்டும் வந்தால் டெல்கோ என்கிற டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைக் கழற்றிக் கீறல் இருக்கிறதா என்று பார்த்துத் துணியால் துடை.

தள்ளு ஸ்டார்ட்டும் ஒரு சோதனைதான். இரண்டாம் கியரில் தள்ளியவுடன் பற்றிக்கொண்டால் பெட்ரோலும் ஸ்பார்க்கும் சரி, சுற்றிவிடும் பக்கம்தான் கோளாறு. சமதளத்தில், தள்ள ஆள் இருந்தால் மட்டும் செய். ஸ்க்ரூடிரைவரை வைத்துச் செல்ஃப் முனைகளைத் தொட்டுக் காட்டுகிறேன் என்று யாராவது வந்தால் விடாதே. கியரில் இருந்தால் வண்டி பாயும், எதிரில் நிற்பவரை நசுக்கிவிடும். பாட்டரியைக் கழற்றும்போது மோதிரம், வளையலைக் கழற்றி வைத்துவிட்டு முதலில் மைனஸை எடு.

ஞாயிற்றுக்கிழமைக்குள் பாட்டரியின் இரண்டு முனைகளையும் உப்புத்தாள் போட்டுப் பளபளவென்று தேய்த்து இறுக்கு. எர்த் ஒயர் பாடியில் சேரும் இடத்தையும் விட்டுவிடாதே. பிறகு எர்த் பக்கமும் பிளஸ் பக்கமும் அளந்த வோல்ட் கணக்கையும், அடுத்த தடவை எடுக்காதபோது வரும் சத்தத்தையும் எனக்கு அனுப்பு. அதுவரை செல்ஃப் மோட்டார் வாங்காதே.

அன்புடன்,
மாமா