மூன்று தோற்றங்கள், ஒரு பொருள்

மேசையின் மீது ஒரு பொருள் இருக்கிறது. நேர் மேலிருந்து பார்த்தால் அது வட்டமாகத் தெரிகிறது. முன்னிருந்து பார்த்தால் சதுரம். பக்கத்திலிருந்து பார்த்தால் முக்கோணம். அப்பொருள் யாது?

பந்து அன்று; பந்து எத்திசையிலிருந்து பார்ப்பினும் வட்டமே. கூம்பும் அன்று, கூம்பை முன்னிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முக்கோணமே தெரியும். உருளையோ இரு பக்கமும் சதுரமாகவோ செவ்வகமாகவோ தெரியும். ஆயினும் இம்மூன்று தோற்றங்களும் பொருந்தும் பொருள் ஒன்று உண்டு. ஒரு முள்ளங்கித் துண்டிலேயே அதைச் செய்துவிடலாம். எவ்வாறு என்பதைப் பாடத்தின் பிற்பகுதியில் காணலாம். அதற்கு முன் சற்றே எண்ணிப் பார்ப்பது நன்று.

பொருள்களுக்கு நீளம், அகலம், உயரம் என மூன்று அளவுகள் உண்டு. தாளுக்கு இரண்டே. ஒரு பொருளைத் தாளில் வரையும்போது ஓர் அளவு மறைந்துவிடுகிறது. மறைந்ததை மீட்பதற்காகவே ஒரே பொருளை மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் தனித்தனியே வரைகின்றனர். அவற்றை மேல் தோற்றம், முகப்புத் தோற்றம், பக்கத் தோற்றம் என்பர். கண்ணுக்குத் தெரியும் விளிம்பைத் தொடர்கோட்டாலும், பின்னே மறைந்திருக்கும் விளிம்பை விட்டுவிட்டு வரையும் கோட்டாலும் காட்டுவது மரபு.

கோட்டைச் சுவரும் ஓர் இளைஞனும்

இவ்வாறு வரையும் வழக்கம் மிகப் பழையது. ஐரோப்பியக் கற்றச்சர்கள் வளைவுகளுக்குரிய கற்களை வெட்டுமுன் இவ்வகைப் படங்களை வரைந்துகொண்டனர். ஜெர்மானிய ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரர் 1525ஆம் ஆண்டு வெளியிட்ட அளவியல் நூலிலும் மேல் தோற்றமும் முகப்புத் தோற்றமும் இணைந்து வருகின்றன. எனினும் தொழிலாளரின் கைப்பழக்கமாக இருந்ததை முறையான கல்வியாக மாற்றியவர் கஸ்பார் மோன்ஜ் என்னும் பிரெஞ்சுக்காரர்.

மோன்ஜ் 1746ஆம் ஆண்டு பிரான்சு நாட்டின் போன் என்னும் ஊரில் பிறந்தார். தந்தை ஒரு சிறு வணிகர். மோன்ஜ் தம் இளமையில், தாமே செய்துகொண்ட கருவிகளால் அளந்து, தம் ஊரின் வரைபடத்தை வரைந்தார். அதைக் கண்ட இராணுவ அதிகாரி ஒருவர், மெசியேர் நகரிலிருந்த இராணுவப் பொறியியல் பள்ளிக்கு அவரைப் பரிந்துரைத்தார். ஆனால் அங்கு அதிகாரிகளுக்கான வகுப்பில் சேர உயர்குடிப் பிறப்பு வேண்டும். வணிகரின் மகனுக்கு அக்கதவு திறக்கவில்லை. படம் வரைவோரும் கல்வெட்டும் தொழில் பயில்வோரும் இருந்த பிரிவில்தான் அவருக்கு இடம் கிடைத்தது.

அங்கு ஒரு நாள் அவரிடம் ஒரு கோட்டையின் திட்டம் ஒப்படைக்கப்பட்டது. சுற்றியுள்ள மேடுகளில் எங்கு நின்று பகைவர் சுட்டாலும் உள்ளே இருக்கும் வீரர் மேல் குண்டு படக்கூடாது. அதற்குச் சுவர் ஒவ்வோரிடத்திலும் எவ்வளவு உயர வேண்டும்? சுவர் தாழ்ந்தால் உயிர் போகும். வேண்டாத உயரம் எழுப்பினால் பொருளும் உழைப்பும் வீணாகும். அக்காலத்தில் இதற்கு விடை காண நீண்ட கணக்குகளை நாட்கணக்கில் போட வேண்டியிருந்தது. மோன்ஜ் கணக்கைக் கைவிட்டார். நிலத்தையும் சுவரையும் பார்வைக் கோடுகளையும் தோற்றங்களாக வரைந்து, அளவுகளைப் படத்திலிருந்தே எடுத்தார். வேலை விரைவில் முடிந்தது. மேலதிகாரியோ அவ்விடையைப் பார்க்கவே மறுத்துவிட்டார். இவ்வளவு குறைந்த நேரத்தில் கணக்கைப் போட்டிருக்கவே முடியாது என்பது அவர் கூற்று. தாம் கணக்கே போடவில்லை என்பதை மோன்ஜ் வற்புறுத்திய பின்னரே விடை ஆராயப்பட்டது, சரியென ஏற்கப்பட்டது.

அதன் பின் நேர்ந்தது வியப்புக்குரியது. அம்முறை இராணுவ இரகசியம் ஆக்கப்பட்டது. கண்டறிந்தவரே அதை வெளியார்க்குக் கற்பிக்க இயலவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப் பின், 1795ஆம் ஆண்டு பாரிசில் தான் அவர் அதை வெளிப்படையாகப் போதித்தார். அவ்விரிவுரைகள் 1799இல் நூலாயின. அக்கலைக்கு விளக்க வடிவியல் என்பது பெயர்.

இரண்டு போதுமா?

இனி ஒரு புதிர். ஒரு கனசதுரக் கட்டையிலிருந்து ஒரு பகுதி வெட்டி எடுக்கப்பட்டுள்ளது. முகப்புத் தோற்றம் ஒரு சதுரம். அதன் நடுவே இடமிருந்து வலமாக ஒரு நேர்க்கோடு. மேல் தோற்றமும் அவ்வாறே: ஒரு சதுரம், நடுவே ஒரு நேர்க்கோடு. மறைவிளிம்பைக் காட்டும் கோடு எதுவும் இல்லை. பக்கத் தோற்றம் எவ்வாறு இருக்கும்?

பெரும்பாலோர் உடனே கூறும் விடை படிக்கட்டு. முன்பாதி தாழ்ந்தும் பின்பாதி உயர்ந்தும் இருக்கும் கட்டையை முன்னிருந்து பார்த்தால் படியின் விளிம்பு நடுக்கோடாகத் தெரியும். மேலிருந்து பார்த்தாலும் உயர்ந்த பகுதியின் விளிம்பு நடுக்கோடாகத் தெரியும். இவ்விடை சரியே.

ஆனால் இது மட்டும்தான் விடையா? கட்டையின் முன்புறத்தில், பாதி உயரத்திலிருந்து மேற்புறத்தின் நடு வரை சாய்வாக ஒரே வெட்டு வெட்டியதாகக் கொள்வோம். சரிவு தொடங்கும் விளிம்பு முகப்பில் நடுக்கோடாகும். சரிவு முடியும் விளிம்பு மேலே நடுக்கோடாகும். இரு தோற்றங்களும் படிக்கட்டுக்கு உரியவையே! சாய்வுக்கு மாறாக அவ்விடத்தை உட்குழிந்த வளைவாகக் குடைந்தாலும் அதே இரு தோற்றங்கள்தாம். குழிவை ஆழமாகவோ ஆழம் குறைத்தோ அமைத்தால் விடைகள் பெருகிக்கொண்டே போகும். முன்னிருந்தும் மேலிருந்தும் எவ்வளவு நேரம் உற்று நோக்கினாலும் இவற்றுள் எது உண்மை என அறிய இயலாது. பக்கத்திலிருந்து ஒரு முறை பார்த்தால் நொடியில் தெரிந்துவிடும்.

பட்டறையில் இது விளையாட்டு அன்று. படிக்கட்டு வேண்டிய இடத்தில் சரிவை வெட்டிவிட்டால் கூடுதலாக நிற்கும் இரும்பைப் பிறகு நீக்கிவிடலாம். சரிவு வேண்டிய இடத்தில் படியை வெட்டிவிட்டாலோ, போன இரும்பு திரும்பாது.

தோற்றங்களைத் தாளில் எங்கு வைப்பது என்பதிலும் ஓர் இடர் உண்டு. இந்தியாவில் வழங்கும் முறையில் மேல் தோற்றம் முகப்புத் தோற்றத்தின் கீழே வரையப்படும். இடப்புறமிருந்து பார்த்த தோற்றம் வலப்புறம் வரும். அமெரிக்க முறையில் மேல் தோற்றம் மேலேயே இருக்கும். வலத் தோற்றம் வலப்பக்கமே நிற்கும். ஒரு முறையில் வரைந்ததை மற்றொரு முறையில் படித்தால், வலப்புறம் இருக்க வேண்டிய துளை இடப்புறம் வந்துவிடும். கண்ணாடியில் தெரிவது போன்ற மாற்று உருவம் உருவாகும். இதைத் தவிர்க்கவே, நுனி வெட்டிய கூம்பின் இரு தோற்றங்களைச் சிறு குறியீடாக வரைபடத்தின் ஓரத்தில் இடுகின்றனர். தொழிற்சாலைப் பணியின்பொருட்டுத் தமிழகத்திலிருந்து பிலாய்க்கும் ஜாம்ஷெட்பூருக்கும் புனேவுக்கும் வந்த குடும்பங்களில், இக்குறியீட்டை நன்கறிந்த பெரியவர் ஒருவராவது இருக்கக்கூடும். கேட்டால் மகிழ்ந்து விளக்குவர்.

மூன்று போதுமா?

மூன்று தோற்றங்கள் இருந்தால் ஐயமே எழாது என்று கருதலாம். அதையும் சோதித்துப் பார்க்க வேண்டும். சிறு கனசதுரங்கள் பலவற்றை அடுக்கி ஓர் உருவம் செய்யப்பட்டுள்ளது. மேலிருந்தும் முன்னிருந்தும் பக்கத்திலிருந்தும் பார்த்தால், மூன்றுக்கு மூன்றாக ஒன்பது கட்டங்கள் நிரம்பிய சதுரமே தெரிகிறது. எத்தனை கனசதுரங்கள் உள்ளன?

27 என்பது எளிதில் தோன்றும் விடை. ஆனால் 15 போதும். தரையில் ஒன்பது கட்டங்களிலும் ஒவ்வொன்று வைத்து, ஒரு மூலையிலிருந்து எதிர்மூலை வரை செல்லும் மூன்று கட்டங்களில் மட்டும் மும்மூன்றாக உயர்த்தினால், முன்னிருந்து பார்த்தாலும் பக்கத்திலிருந்து பார்த்தாலும் இடைவெளி தெரியாது. ஒன்றன் மேல் ஒன்று அடுக்க வேண்டும் என்னும் கட்டாயமின்றி, நூலில் தொங்கவிடலாம் என்றால் வெறும் 9 போதும். கீழுள்ள எண்கள் ஒவ்வொரு கட்டத்திலும் கனசதுரம் எத்தனையாம் தளத்தில் தொங்குகிறது என்பதைக் காட்டும்.

1 2 3
2 3 1
3 1 2

எந்த வரிசையிலும் எந்த நிரலிலும் ஒரே எண் இருமுறை வரவில்லை. ஒன்று மற்றொன்றை மறைக்காததன் காரணம் அதுவே. மேல் தோற்றத்தில் ஒன்பது கட்டங்கள் தெரிவதால் ஒன்பதுக்குக் குறையவும் வழியில்லை.

அவ்வாறாயின் மூன்று தோற்றங்களை நம்பவே கூடாதா? நம்பலாம், சில உருவங்களில். முன்னிருந்து ‘ப’, வலமிருந்து ‘ட’, மேலிருந்தும் ‘ட’ எனத் தெரியும் உருவத்தைக் கட்ட வேண்டும். ஒவ்வோர் எழுத்தும் மூன்று கட்ட உயரமும் மூன்று கட்ட அகலமும் உடையது. முன்வரிசையில் இரு ஓரங்களிலும் மும்மூன்று கனசதுரங்கள், நடுவில் ஒன்று. இட ஓரத்திலிருந்து பின்னோக்கி மேலும் இரண்டு. மொத்தம் ஒன்பது. இங்கு ஒன்றைக் கூட்டினாலும் குறைத்தாலும் ஏதேனும் ஓர் எழுத்து சிதைந்துவிடும். தீப்பெட்டி போன்று நீண்டவை இதற்கு உதவா. சர்க்கரைக் கட்டிகளோ ஒரே அளவான களிமண் கட்டிகளோ வேண்டும். டக்ளஸ் ஹாஃப்ஸ்டாடர் என்னும் அமெரிக்க அறிஞர் 1979ஆம் ஆண்டு வெளியான தம் நூலின் அட்டைக்காக, மூன்று திசைகளில் மூன்று ஆங்கில எழுத்துகளின் நிழல் விழும் மரக்கட்டையைச் செதுக்கினார். தமிழ் எழுத்துகளில் வளைவுகள் மிகுதி என்பதால் ப, ட போன்றவையே தொடக்கத்திற்கு ஏற்றவை.

முள்ளங்கி விடை

இனி முதற்புதிர். குளிர்காலச் சந்தையில் கிடைக்கும் தடித்த முள்ளங்கியிலிருந்து, விட்டமும் உயரமும் சமமான உருளை ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். மேல்வட்டத்தின் நடுவே ஒரு விட்டத்தை வரைய வேண்டும். அக்கோட்டிலிருந்து இருபுறமும் அடிவட்டத்தின் ஓரம் வரை சாய்வாகச் சீவிவிட்டால் பொருள் ஆயத்தம். கத்தியைப் பெரியவர் கையில் கொடுப்பது நல்லது. அடி சீவப்படாததால் மேலிருந்து பார்க்கையில் முழு வட்டம். கோட்டிற்கு நேரெதிரே நின்றால், உச்சி விளிம்பு விட்டத்தின் நீளம் முழுதும் இருப்பதால் சதுரம். கோட்டின் முனையிலிருந்து பார்த்தால் முக்கோணம். வட்டம், சதுரம், முக்கோணம் என மூன்று துளைகளிட்ட அட்டையின் ஒவ்வொரு துளையிலும் இத்துண்டு இடைவெளியின்றிப் பொருந்தும்.

சொல்லும் பொருளும்

யாது – எது
இடர் – இடையூறு, துன்பம்
கற்றச்சர் – கல்லில் வேலை செய்வோர்
உருளை – அடியும் மேலும் வட்டமாகிய கன உருவம்
நிரல் – மேலிருந்து கீழாக அமைந்த வரிசை

பயிற்சி

1. மேலதிகாரி மோன்ஜின் விடையைப் பார்க்க மறுத்தது ஏன்? இரண்டு தொடர்களில் எழுதுக.

2. பிரித்து எழுதுக: கற்றச்சர், மேற்புறம், நேர்க்கோடு.

3. மூன்று திசைகளிலும் இரண்டுக்கு இரண்டான முழுச் சதுரமாகத் தெரியுமாறு கனசதுரங்களை அடுக்க வேண்டும். தொங்கவிடாமல் அடுக்கினால் குறைந்தது எத்தனை தேவை? தொங்கவிட்டால் எத்தனை போதும்?

4. ‘ப’, ‘ட’ உருவத்தில் மேலிருந்து ‘ட’ தெரிய வேண்டும் என்னும் நிபந்தனையை நீக்கினால், அதிக அளவாக எத்தனை கனசதுரங்களைச் சேர்க்கலாம்? அப்போது மேல் தோற்றம் யாது? வரைந்து காட்டுக.

5. வீட்டிலுள்ள ஏதேனும் ஒரு பொருளின் மூன்று தோற்றங்களையும் வரைந்து, பெயரைக் கூறாமல் அருகிலிருக்கும் மாணவரிடம் கொடுக்க. அவர் பொருளைக் கண்டறிந்தாரா? அவரைத் தவறான விடைக்கு இட்டுச் சென்ற தோற்றம் எது?