படிமம் பதித்தபின் பொறி முடங்குவதேன்?

கணினிகள் பல உள்ள இடத்தில் ஒவ்வொன்றிலும் இயங்குதளத்தைத் தனித்தனியே நிறுவுவது பெருந்தொல்லை. ஆதலால் ஒரு பொறியில் எல்லாவற்றையும் வேண்டியவாறு அமைத்து, அதன் வட்டிலுள்ளதை அப்படியே ஒரு கோப்பாக எடுத்து, மற்றப் பொறிகளிற் பதித்துவிடுவர். இக்கோப்பிற்குப் படிமம் என்று பெயர். பல நாள் வேலை சில மணியில் முடியும். ஆயினும், பதித்தபின் ஒரு பொறியில் ஒலி எழாது. மற்றொன்றில் வைஃபை இராது. வேறொன்று துவங்கவே மாட்டாது. உடனே, பொறி பழுதாயிற்றென்று தீர்ப்புக் கூறி, நல்ல உறுப்புக்களைக் கழற்றியெறிந்து, புதியவற்றிற்குப் பொருளைச் செலவிடுவார் உளர். இத்தவற்றினின்று மாணவர் தப்பும் வழியை, லினக்ஸ் வகைகளுள் ஒன்றாகிய டெபியனை எடுத்துக்காட்டாகக் கொண்டு ஈண்டுச் சுருங்கக் கூறுவாம்.

முதற்கண், குற்றம் பொறியினுடையதா, படிமத்தினுடையதா என்று பிரித்தறிதல் வேண்டும். வட்டில் நிறுவாமலே இயங்கவல்ல டெபியன் படிமம் ஒன்றுண்டு. அதனை யாதொரு மாற்றமுஞ் செய்யாது பென் டிரைவிற் பதித்து, அதிலிருந்து பொறியை இயக்குக. ஒலியும் தொடர்பும் அதிற் செவ்வையாக இருப்பின் பொறி குற்றமற்றது. நாம் செய்த மாற்றத்திலேயே பிழையுளது. அதிலும் வேலை செய்யாவிடின், பயாஸ் அமைப்பில் அவ்வுறுப்பு அணைக்கப்பட்டுளதோ, இணைப்புத் தளர்ந்துளதோ, உறுப்பு அப்பதிப்பினும் புதியதோ என்று பார்த்த பின்னரே அதனை ஐயுறலாம்.

இரண்டாவது, பொறி அவ்வுறுப்பைக் காண்கிறதா என்று அறிக. எல்.எஸ்.பி.சி.ஐ. என்னும் கட்டளை, பலகையிற் பொருந்திய உறுப்புக்களை ஆக்கியோரின் எண்ணோடு காட்டும். இன்டெலுக்கு 8086, ஏ.எம்.டி.க்கு 1022. உறுப்பின் பெயர் இருந்து, அதனை ஆளும் டிரைவரின் பெயர் இல்லையேல், குறை டிரைவரிலாம். பெயரே இல்லையேல், பயாஸையும் இணைப்பையும் மீண்டும் நோக்குக.

மூன்றாவது, ஃபர்ம்வேர். வைஃபை உறுப்புக்கள் பலவற்றிற்கு டிரைவர் மட்டும் போதாது. துவங்கும்போது அவற்றினுள் ஏற்றவேண்டிய தனி நிரலும் வேண்டும். கட்டற்ற உரிமமில்லாத இத்தகைய நிரல்கள் டெபியனின் வழக்கமான நிறுவற் படிமங்களில் நெடுநாள் இடம்பெறவில்லை. 2023 ஜூனில் வெளிவந்த 12-ஆம் பதிப்பிலிருந்தே அவை சேர்க்கப்பட்டன. முந்திய பதிப்பினின்று அமைத்த படிமத்திலும், இடம் மிச்சப்படுத்த இவற்றை நீக்கிய படிமத்திலும் வைஃபை முடங்குதல் இயல்பே. எக்கோப்பு இல்லையென்பதை டிமெசெஜ் என்னும் கட்டளை தரும் பதிவிற் காணலாம்.

நான்காவது, துவங்காத பொறி. கெர்னல் வட்டை அடையுமுன் இனிட்ராம்எஃப்எஸ் என்னும் சிறு தொகுப்பின் உதவியை நாடும். அதில் மூலப்பொறிக்கு வேண்டிய டிரைவர்களை மட்டும் வைத்துச் சுருக்கினால், அது ஒருவன் காலுக்கு அளவெடுத்துத் தைத்த செருப்புப் போலாம். வேறு வகை வட்டுள்ள பொறிக்குப் பொருந்தாது. வட்டு கெட்டதென மயங்குவது இங்கேதான். மூலப்பொறியில் அவ்வமைப்பை 'மோஸ்ட்' என மாற்றித் தொகுப்பைப் புதுப்பித்து, மீண்டும் படிமம் எடுப்பதே பரிகாரம்.

ஐந்தாவது, பிறர் அடையாளத்தைச் சுமத்தல். வலையட்டையின் பெயர் அஃது அமர்ந்துள்ள இடத்தைப் பொறுத்து அமைவதால் பொறிக்குப் பொறி மாறும். பழைய பெயரே அமைப்பில் எழுதியிருப்பின் நல்ல அட்டையும் வாளாவிருக்கும். அன்றியும், ஒவ்வொரு பொறிக்கும் உரிய மெஷின்-ஐடி எண்ணும் படிமத்தோடு படியெடுக்கப்பட்டுவிடும். அதனாற் சில அமைப்புக்களில் இரு பொறிகள் ஒரே வலை முகவரியைப் பெற்று, மாறிமாறித் தொடர்பிழக்கும். படிமம் எடுக்குமுன் அக்கோப்பை வெறுமையாக்கிவிடின், ஒவ்வொரு பொறியும் முதன்முறை துவங்கும்போது தனக்கெனப் புதிய எண்ணை ஆக்கிக்கொள்ளும்.

எவ்வகைச் சோதனையிலும் ஒரு வேளைக்கு ஒன்றையே மாற்றி, கண்டதைக் குறிப்பேட்டில் எழுதுக. இரண்டை ஒருங்கே மாற்றியவன், பொறி நலமடையினும் காரணம் அறியான். அடுத்த பொறியில் அவன் மீண்டும் முதலிலிருந்தே தொடங்கவேண்டும். சாட்சி கேளாமற் பொறியைக் குற்றவாளியாக்காதிருத்தலே இத்தொழிலைக் கற்பார்க்கு முதற்பாடம்.