பேர் வேற, மருந்து ஒண்ணு

நேத்து நீ போன்ல சொன்னதுலேர்ந்து எனக்கு மனசே சரியில்ல. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் 650 ஒண்ணு, ஒரு மணி நேரம் கழிச்சு மூக்கடைப்புக்கு ஜலதோஷ மாத்திரை ஒண்ணு. ரெண்டும் வேற வேறன்னுதானே நினைச்சே? ஜலதோஷ மாத்திரை பலதுலயும் பாராசிட்டமால் கலந்திருக்கும்டி. அட்டையில பெரிய எழுத்துல இருக்கறது கம்பெனி வச்ச பேரு. அதுக்குக் கீழே பொடி எழுத்துல இருக்கறதுதான் மருந்து. அதைப் படிச்சுட்டுப் போடு.

மெடிக்கல்ல நாலு மாத்திரை கேட்டா கத்தரிச்சுத் தருவாங்க. பேரும் காலாவதி தேதியும் மீதி அட்டையோட அங்கேயே நின்னுடும். வெட்டறதுக்கு முன்னாடி முழு அட்டையையும் போட்டோ எடுத்துக்கோ.

650ன்னா ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நாலு போதும். பெரியவங்களுக்கு 24 மணி நேரத்துல 4,000 மில்லிகிராம்தான் உச்சவரம்பு. உடம்பு மெலிஞ்சவங்க, கல்லீரல் கோளாறு உள்ளவங்க, தினமும் குடிக்கிறவங்களுக்கு அதுவே அதிகம், டாக்டரைக் கேட்கணும். அளவு மீறிட்டா முதல் நாள் ஒண்ணுமே தெரியாது, உள்ளே கல்லீரல் கெட்டுக்கிட்டிருக்கும். வாந்தி வரட்டும்னு காத்திருக்காம அட்டையை எடுத்துக்கிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு. முறிமருந்து இருக்கு, 8 மணி நேரத்துக்குள்ள கொடுத்தாத்தான் நல்லா கேட்கும்.

பாப்பா விஷயத்துல இன்னும் கவனம். ஒரே பேர்ல 5 மில்லிக்கு 120 மில்லிகிராம்னும் 250ன்னும் ரெண்டு சிரப் வருது. 12 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 180 மில்லிகிராம், அதாவது கிலோவுக்கு 15. 120 பாட்டில்ல அது ஏழரை மில்லி. அதே ஏழரை மில்லியை 250 பாட்டில்லேர்ந்து ஊத்தினா ரெண்டு மடங்கு போயிடும்! சொட்டு மருந்து அதைவிடக் கெட்டி. பாட்டிலோட வந்த மூடியில அளந்து கொடு, சமையலறை ஸ்பூன் வேண்டாம். ஆஸ்பிரின் குழந்தைக்குக் கூடவே கூடாது. மூணு மாசம் நிறையாத குழந்தைக்குக் காய்ச்சல்னா மருந்தைத் தேடாதே, நேரா டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போ.

மழைக்காலத்துல காய்ச்சலோட உடம்பு வலி வந்தா, டெங்கு இல்லைன்னு தெரியற வரைக்கும் ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் பக்கமே போகாதே. ரத்தக்கசிவை அதிகமாக்கிடும். பாராசிட்டமாலும் நிறைய தண்ணி ஆகாரமும்தான். ரெண்டு நாள்ல குறையலேன்னா ரத்தப் பரிசோதனை. டெங்குல காய்ச்சல் விடற நேரம்தான் ஆபத்தான நேரம். அப்போ வயித்துவலி, விடாத வாந்தி, ஈறுல ரத்தம்னு எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரி.

அம்மா மூட்டுவலிக்குத் தானா வலி மாத்திரை வாங்கிப் போடறாங்களே, அது எனக்கு ரொம்ப நாளா உறுத்தல். பிரஷர் மாத்திரை சாப்பிடறவங்களுக்கு அந்த வலி மாத்திரைங்க பிரஷரை ஏத்தும், கிட்னியையும் பதம் பார்க்கும். சனிக்கிழமை நான் வரேன். அதுக்குள்ள அம்மாவோட டப்பாவுல இருக்கற அட்டை எல்லாத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, ரெண்டு பக்கமும்.