குளத்து நீரும் குழந்தைகளின் கண் அழற்சியும்

கோடை விடுமுறை தொடங்கிவிட்டால் நம் கிராமத்துச் சிறுவர்களைக் குளத்திலும் கண்மாயிலும்தான் காணலாம். நெடுநேரம் மூழ்கியும் நீந்தியும் களித்தபின் கண் சிவக்க வீடு திரும்புவர். அச்சிவப்பு பெரும்பாலும் மறுநாளே மறைந்துவிடும். மறையாத சிவப்பைப் பற்றியே இங்குக் கூற விழைகின்றோம்.

கண் சிவத்தலுக்குக் காரணங்கள் பல. ‘மெட்ராஸ் ஐ’ எனப்படும் தொற்று கையாலும் துண்டாலும் பரவி, வீட்டில் ஒருவர் பின் ஒருவராகப் பற்றி, பெரும்பாலும் ஓரிரு வாரங்களில் தானே நீங்கும். ஒவ்வாமையால் வருவது இரு கண்களிலும் அரிப்பை உண்டாக்கி, வெயில் நாள்தோறும் திரும்பி வரும். கண்ணின் உட்பகுதியில் தோன்றும் அழற்சியோ வேறு வகையினது. காசநோயாலும் மூட்டுவாதத்தாலும் அது வரக்கூடும். மூட்டுவாதமுள்ள குழந்தைக்குச் சிவப்பே இல்லாமலும் வருவதுண்டு.

தென்னாட்டில் மற்றொரு காரணமும் உண்டு. குளத்திலும் ஆற்றிலும் குளித்த சிறுவர்களிடம் ஒரு புதுவகை அழற்சியை மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையின் மருத்துவர்கள் கண்டனர். விழியின் வெண்பகுதியில் சிவந்த முடிச்சாகவோ, கருவிழிக்குப் பின்னுள்ள நீர் அறையில் முத்துப்போன்ற வெண்கட்டியாகவோ அது காணப்பட்டது. 2001, 2002ஆம் ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் தட்டைப்புழுவின்மீது ஐயம் கொண்டன. 2016இல் வெளியான ஆய்வு அதனை உறுதி செய்தது. சிறுவர் குளித்த நீரிலிருந்த நத்தைகள் வெளிவிட்ட இளம்புழுக்களின் மரபணுவும், கண்ணிலிருந்து எடுத்த கட்டியில் கிடைத்த மரபணுவும் ‘புரோசெரோவம் வேரியம்’ என்னும் தட்டைப்புழுவோடு மிக நெருங்கி ஒத்திருந்தன.

இப்புழுவின் வாழ்க்கை விந்தையானது. மீன் தின்னும் பறவையின் குடலில் வளர்கிறது. எச்சத்தோடு அதன் முட்டை நீரில் விழுகிறது. நத்தையின் உடலுள் பெருகி, வெறுங்கண்ணுக்கு எளிதில் புலப்படாத வாலுடைய இளம்புழுவாக வெளிவந்து, மீனின் உடலில் புகுகிறது. அம்மீனைப் பறவை உண்ண, சுற்று நிறைவுறும். சிறுவனின் கண்ணில் அது புகுவது வழி தவறியே. அங்கு அது முழுப்புழுவாக வளர்வதில்லை. ஆயினும் அதனை எதிர்த்து உடல் எழுப்பும் அழற்சி கண்ணைக் கெடுக்கிறது.

அந்த நத்தையைக் கண்டறிதல் கடினமன்று. திருகாணிபோல் நீண்டு கூர்ந்த ஓடு உடையது; கரையோரச் சேற்றில் கூட்டமாகக் கிடக்கும். அது உள்ள குளமெல்லாம் நோய்க்குளம் என்று அஞ்ச வேண்டா. நத்தையைக் கொல்ல நீரில் நஞ்சு கலப்பதோ மீனுக்கும் கால்நடைக்கும் கேடு. ஒரே ஊரில் இரண்டு மூன்று சிறுவர்க்கு இத்தகைய கட்டி தோன்றினால், அவர்கள் எந்நீரில் குளித்தனர் எனப் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் விசாரித்து, ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அறிவித்தல் வேண்டும். காரணம் தெளியும்வரை அங்கு மூழ்கிக் குளிப்பதை நிறுத்தி, குழாய் நீருக்கு வழி செய்யலாம்.

சிறு கட்டிகள் மருத்துவர் தரும் ஸ்டீராய்டுச் சொட்டு மருந்தில் கரையும். பெரியவற்றுக்கு அறுவை தேவைப்படும். அதே மருந்தைக் கடையில் தாமே வாங்கி நெடுநாள் விட்டால் கண்ணின் அழுத்தம் உயர்ந்து பார்வை பறிபோகலாம். தாய்ப்பாலும் பச்சிலைச் சாறும் கண்ணில் விடத் தக்கவையல்ல. வலியோ, வெளிச்சத்தில் கூச்சமோ, பார்வை மங்கலோ, வெண்புள்ளியோ காணப்பட்டால் அன்றே கண் மருத்துவரிடம் செல்க. பையன் எந்தக் குளத்தில் குளித்தான் என்பதையும் அவரிடம் சொல்லுக. அவர் கேட்க மறந்தாலும் சொல்லுக.